சார்டினியாவில் எந்தக் கடற்கரைக்குப் போவது? முதலில் காற்றைப் பாருங்கள்

கேள்வி இது: "செப்டம்பர் நடுவில் எட்டு நாள் சார்டினியா போகிறோம். ஆறு வயதிலும் பத்து வயதிலும் இரண்டு குழந்தைகள், முழங்கால் வலி உள்ள அம்மாவும் வருகிறார். தேடினால் நூறு கடற்கரைப் பெயர் வருகிறது, எல்லாப் படத்திலும் ஒரே நீலத் தண்ணீர். எதற்குப் போவது, எதை விடுவது?"

நான் நான்கு வருஷம் இந்த இத்தாலியத் தீவின் தலைநகரான காலியாரியில் வேலை பார்த்தவன். வார இறுதி முழுக்கக் கடற்கரையில்தான் போயிற்று. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: பெயர்ப் பட்டியலை மூடி வையுங்கள். அங்கே பிறந்தவர்கள் "நாளைக்கு இந்த பீச்" என்று முந்தின நாளே முடிவு செய்வதில்லை. காலையில் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்கள்.

நம் கரைகளில் வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றுக்குப் பேர் இருக்கிற மாதிரி அங்கேயும் உண்டு. நீங்கள் இரண்டை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். ஒன்று மாயெஸ்த்ராலே. வடமேற்கிலிருந்து, பிரான்சின் தென்கரைப் பக்கமிருந்து, அடிக்கும் காற்று. ஆண்டு முழுக்க அடிக்கடி வரும், வந்தால் இரண்டு மூன்று நாள் விடாது. வானம் கழுவித் துடைத்த மாதிரி இருக்கும், மேற்குக் கரையிலும் வடக்குக் கரையிலும் மட்டும் கடல் கொந்தளிக்கும். இன்னொன்று ஷிரோக்கோ. தென்கிழக்கிலிருந்து ஆப்பிரிக்கச் சூட்டையும் ஈரப்பசையையும் சேர்த்துக் கொண்டுவரும். அன்றைக்கு வில்லாசிமியுஸ், கொஸ்தா ரெய் போன்ற தென்கிழக்குக் கரைகள் கலங்கிக் கிடக்கும், மேற்கே தண்ணீர் தட்டில் வைத்த எண்ணெய் மாதிரி நிற்கும். காற்று வரும் பக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும் கரைக்குப் போக வேண்டும். கணக்கு அவ்வளவுதான். தீவு வடக்கு தெற்காக 270 கிலோமீட்டர் நீளம், கரை 1,800 கிலோமீட்டருக்கும் மேல். எந்தக் காற்று அடித்தாலும் அமைதியான ஒரு பக்கம் எங்காவது இருக்கும்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். போன முதல் வருஷம், ஆசை ஆசையாய் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக்கொண்டு மேற்குக் கரையிலுள்ள இஸ் அருத்தாஸுக்குப் போனோம். அன்று நல்ல மாயெஸ்த்ராலே. கடலில் கால் வைக்க முடியவில்லை. மனைவியின் செருப்பு ஒன்றை அலை கொண்டுபோயிற்று. வண்டி நிறுத்துமிடத்தில் இருந்த பெரியவர் எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "இன்றைக்குக் கிழக்கே போயிருக்க வேண்டும்" என்றார். அங்கே வேறு யாருடைய வண்டியும் இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

காற்றில் இன்னொரு சங்கதி, குழந்தைகள் வருவதால் சொல்கிறேன். மாயெஸ்த்ராலே நாளில் தெற்குக் கரை கண்ணாடி போல இருக்கும். பார்க்கப் பயமே தோன்றாது. ஆனால் காற்று கரையிலிருந்து கடலை நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கும். காற்றடைத்த மிதவையில் குழந்தை உட்கார்ந்தால் நீங்கள் நீந்திப் பிடிக்கும் வேகத்தைவிட வேகமாக அது வெளியே போகும். அன்றைக்கு மிதவையை வண்டியிலேயே விட்டுவிடுங்கள்.

சரி, காற்றுக்கு அப்புறம் கல். ஒரு தீவுக்குள் கடற்கரைகள் ஏன் இவ்வளவு வேறுபடுகின்றன என்றால், மண் அப்படி. சார்டினியாவும் பக்கத்துக் கோர்சிகாவும் ஒரு காலத்தில் பிரான்ஸ், ஸ்பெயின் கரையோடு ஒட்டியிருந்தவை. சுமார் 3 கோடி ஆண்டுகளுக்கு முன் பிய்ந்துகொள்ளத் தொடங்கி, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழன்று இப்போதுள்ள இடத்துக்கு வந்தன. வடகிழக்கில் 30 கோடி ஆண்டுப் பழசான கிரானைட், கிழக்கில் சுண்ணாம்புக் கல், தென்மேற்கில் ஈயமும் துத்தநாகமும் எடுத்த சுரங்க மலை, ஆங்காங்கே எரிமலைப் பாறை. ஒவ்வொன்றும் உடைந்து தன் பங்குக்கு ஒரு மணலைக் கரையில் கொட்டியிருக்கிறது.

இதைக் கையில் எடுத்துப் பார்க்க இஸ் அருத்தாஸை மிஞ்ச இடமில்லை. ஒரிஸ்தானோ நகருக்கு மேற்கே ஸினிஸ் என்ற தீபகற்பத்தில் இருக்கிறது. அங்கே இருப்பதை மணல் என்று சொல்லவே வாய் வராது. பச்சரிசிக் குருணை. முழுக்கக் குவார்ட்ஸ். ஒரு பிடி அள்ளினால் வெள்ளை, வெளிர் ரோஜா, இளம்பச்சை, புகை நிறம் என்று தனித்தனியாக மணி மணியாகத் தெரியும். நனைந்தால் நிறம் இன்னும் ஏறும். உடம்பில் ஒட்டாது. நீந்தி எழுந்து வந்து படுத்தாலும் தட்டிவிட்டால் உதிர்ந்துவிடும். கனமான மணி என்பதால் லேசான காற்றில் கண்ணிலும் வந்து விழாது. நடந்தால்தான் கஷ்டம், கணுக்கால் வரை புதைந்து "கரக் கரக்" என்று சத்தம் வரும். பக்கத்திலேயே மாரி எர்மி, மாயிமோனி என்று அதே குருணை கொண்ட இன்னும் இரண்டு உண்டு. இஸ் அருத்தாஸில் இடமில்லை என்றால் அங்கே போகலாம், எனக்கு மாரி எர்மிதான் ஒரு படி மேல்.

குருணை மணலுக்கு ஒரு குறை இருக்கிறது. கரை சட்டென்று சரியும். நாலு எட்டில் உங்கள் ஆறு வயதுக்குக் கழுத்தளவு வந்துவிடும். அமைதியான நாளில் கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டு விளையாட விடலாம். அலை இருந்தால் வேண்டாம்.

ஸினிஸுக்குப் போன நாளில் கடலோடு திரும்பி வராதீர்கள். தீபகற்பத்தின் முனையில் தாரோஸ் என்ற பழைய ஊரின் இடிபாடு இருக்கிறது. பினீசியர் குடியேறி, ரோமானியர் காலம் தாண்டியும் இருந்த துறைமுக நகரம். இரண்டு தூண்கள் கடலைப் பார்த்து நிற்கும். கப்ராஸ் ஊர் அருங்காட்சியகத்தில் மோந்தே பிராமாவின் கல் வீரர்கள் இருக்கிறார்கள். 1974-ல் வயலில் ஏர் ஓட்டும்போது வெளிவந்த சிலைகள், ஆளைவிட உயரம், கண்ணுக்குப் பதில் இரட்டை வட்டம். என் கண்ணுக்குத் தீவிலேயே பார்க்க வேண்டிய ஒன்று அதுதான், கடலைவிட. அதே ஊரில் மடவை மீனின் சினையை உப்பிட்டு அழுத்தி உலர்த்தி விற்பார்கள், போத்தார்கா என்று பெயர். சீவிப் பாஸ்தா மேல் போட்டுத் தருவார்கள். கருவாட்டு வாசனை பழகிய நாக்குக்கு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும்.

கிழக்குக் கரை முற்றிலும் வேறு உலகம். ஒரோசேய் வளைகுடாவில் சுண்ணாம்பு மலை செங்குத்தாகக் கடலுக்குள் இறங்குகிறது, நடுநடுவே வெள்ளைக் கூழாங்கல் பரப்பிய சின்னச் சின்னக் கரைகள். பெரும்பாலானவற்றுக்குச் சாலையே கிடையாது. ஒன்று மலை இறங்கி நடக்க வேண்டும், இல்லையென்றால் படகு.

நீங்கள் படத்தில் பார்த்த, வளைவுக் கல்லும் ஊசிப் பாறையும் உள்ள இடம் காலா கொலோரித்ஸே. 1962-ல் நடந்த மலைச்சரிவில் உண்டான கரை என்பார்கள். பவுனேய் ஊருக்கு மேலே கொல்கோ பீடபூமியிலிருந்து பாதை தொடங்கும். இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல், ஏற ஒன்றரை மணி அல்லது இரண்டு. கல் பாதை. செருப்போடு வந்தவர்கள் பாதி வழியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். படகில் வந்து கரையேற அனுமதியில்லை. ஒரு நாளைக்கு 250 பேர்தான், முன்பதிவு, கட்டணம் உண்டு. கீழே தண்ணீரில் ஒரு வேடிக்கை: நீந்திக்கொண்டே போனால் திடீரென்று குளிர்ந்த பட்டை ஒன்று உடம்பைத் தொடும். மலைக்குள் இறங்கிய மழைநீர் கடலடியில் நன்னீர் ஊற்றாக வெளியே வருகிறது. அந்த இடத்தில் தண்ணீர் கலங்கலாக, சர்க்கரைப் பாகு கரையும்போது தெரிகிற மாதிரி அலையலையாய்த் தெரியும்.

உங்கள் அம்மாவால் இது முடியாது. பத்து வயதுக்காரன் இறங்கிவிடுவான், மதிய வெயிலில் ஏறும்போதுதான் அழுகை வரும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் கொலோரித்ஸேயை விட்டுவிட்டு காலா கொனோனே துறையிலிருந்து படகு பிடிப்பேன். வளைகுடாவில் மூன்று நான்கு கரைகளில் இறக்கி ஏற்றுவார்கள், கொலோரித்ஸேயைக் கடலில் நின்றபடி காட்டுவார்கள். படகிலிருந்து கரைக்குப் பலகை போட்டுத்தான் இறக்குகிறார்கள். ஆள் கைபிடித்து இறக்குவார்கள் என்றாலும், அம்மாவின் முழங்காலைப் பற்றிப் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள், ஏணி குறைவான படகாகப் பார்த்துத் தருவார்கள்.

காலா லூனாவில் இறங்குங்கள். கரையோரமாகவே பெரிய குகைகள் வாய் திறந்து நிற்கும், குடை வாடகையே வேண்டாம், நாள் முழுக்க நிழல். அம்மாவை அங்கே ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்துவிடலாம். காலா மரியோலுவின் கதை எனக்குப் பிடித்தது. மரியோலு என்றால் திருடன். மீனவர் வலையிலிருந்து மீனைத் திருடித் தின்ற துறவிச் சீல் என்ற கடல் விலங்குக்கு வைத்த பெயராம். உள்ளூர்க்காரர்கள் சார்டினிய மொழியில் அந்தக் கரைக்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள், பொருள் "பனித் தெள்ளுப்பூச்சிகள்". கால்விரல் நடுவில் ஒட்டிக்கொள்ளும் அந்தச் சின்ன வெள்ளைக் கற்களைப் பார்த்தால் பேர் பொருத்தம் என்பீர்கள். திருடன் இப்போது அங்கே இல்லை. குகை ஒன்றுக்கு அதன் நினைவாகக் "கடல் மாடு" என்ற பெயர் மட்டும் மிச்சம். கூழாங்கல் கரை என்பதால் ரப்பர் அடியுள்ள தண்ணீர்ச் செருப்பு எல்லோருக்கும் வாங்கிக்கொள்ளுங்கள்.

குழந்தைகளுக்கு என்று கேட்டால் தெற்கே கியா. காலியாரியிலிருந்து ஒரு மணி நேரம். சு ஜூதேயு என்ற பகுதியில் மெல்லிய வெளிர் மணல், முழங்கால் தண்ணீர் நெடுந்தூரம், எதிரே நடந்தே போகக்கூடிய ஒரு குட்டித் தீவு. பின்னால் மணல்மேடு, அதில் காற்றுக்கு வளைந்த ஜூனிப்பர் மரங்கள், அதற்கும் பின்னால் உப்பு ஏரி, பூநாரைகள். பல் தேய்க்கும் நேரத்தில் ஒரு தீர்மானம் எடுக்க வேண்டும் என்றால் இங்கேயே இரண்டு முறை போங்கள். பக்கத்திலுள்ள துவெர்ரேத்தா இன்னும் அழகு, ஆனால் சின்னது. கோடையில் ஆளை எண்ணித்தான் விடுகிறார்கள், ஒன்பது மணிக்குள் போகவில்லை என்றால் மறந்துவிடுங்கள்.

தென்மேற்கில் பிஷினாஸ் இருக்கிறது. ஒரு முழு நாள் ஆகும். ஆனால் வேறெங்கும் பார்க்காத ஒன்றைப் பார்க்க வேண்டும் என்றால் இதுதான். இங்குர்த்தோசு என்ற கைவிட்ட சுரங்கக் குடியிருப்பு வழியாக மண் சாலையில் இறங்க வேண்டும். ஓடு விழுந்த வீடுகள், தாதுவைக் கழுவிய கட்டடங்களின் எலும்புக்கூடு. அப்புறம் திடீரென்று மஞ்சள் மணல்மேடுகள், சில 60 மீட்டர் உயரம். கரையை ஒட்டித் துருப்பிடித்த சுரங்கத் தள்ளுவண்டிகள் தண்டவாளத்தில் அப்படியே நிற்கின்றன. பக்கத்து மோந்தேவெக்கியோ சுரங்கத்தைக் கடைசியாக 1991-ல் மூடினார்கள். ஆனால் மலையிலிருந்து வரும் ஓடை இன்னும் செங்காவி நிறத்தில்தான் ஓடுகிறது. குழந்தைகளை அந்த ஓடையில் இறங்க விடாதீர்கள், அது சுரங்கத்திலிருந்து உலோகங்களைக் கரைத்துக்கொண்டு வரும் தண்ணீர். கடலிலும் இழுப்பு அதிகம். போவது குளிக்க அல்ல, பார்க்க. சூரியன் மறைந்த பிறகு அந்த மண் சாலையில் திரும்பி ஓட்டுவது மட்டும் கொஞ்சம் வயிற்றைக் கலக்கும். மான் குறுக்கே வரும்.

வடக்கை இந்தத் தடவை விட்டுவிடுங்கள் என்பது என் கருத்து. எட்டு நாளில் தெற்கே காலியாரி, வடக்கே ஓல்பியா என்று மூன்று மணி நேரம் மேலும் கீழும் ஓட்டினால் அம்மாவுக்குக் காரும் கடலும் ஒன்றாகிவிடும். ஆனாலும் கேட்பீர்கள், அதனால் சுருக்கமாக. லா பெலோசா: ஸ்தின்தீனோவில், வெளிர்நீலத் தண்ணீர், எதிரே 16-ஆம் நூற்றாண்டுக் காவல் கோபுரம். நாளுக்கு 1,500 பேர், இணையத்தில் சீட்டு, துண்டுக்கு அடியில் பாய் விரிப்பது கட்டாயம், ஏனென்றால் ஈரத்துண்டு மணலை ஒட்டிக்கொண்டு போய்விடுகிறது. கொஸ்தா ஸ்மெரால்தா: 1962-ல் இஸ்மாயிலி முஸ்லிம்களின் தலைவர் ஆகா கான் கூட்டமைப்பு ஒன்றை வைத்து உருவாக்கிய பணக்காரர் கரை. கிரானைட் பாறையும் தண்ணீரும் அழகுதான், விலைப்பட்டியல்தான் அழகில்லை. புதெல்லித் தீவின் ரோஜாநிறக் கரை: 1990-களிலிருந்து கால் வைக்கத் தடை. படகிலிருந்து பார்க்கலாம். கடற்புல்லில் ஒட்டி வாழும் சிவப்பு ஓட்டு நுண்ணுயிரியின் நொறுங்கிய ஓடுதான் அந்த நிறம். மவுரோ மொராந்தி என்பவர் 1989-ல் அந்தத் தீவுக்கு வந்து காவலாளியாகி, 2021 வரை தனியாளாய் அங்கேயே வாழ்ந்தார்.

போனதும் உங்களுக்கு ஒரு சந்தேகம் வரும்: இவ்வளவு பேர்பெற்ற கரை, ஏன் கரையில் ஊரே இல்லை? சார்டினியர்கள் சரித்திரம் முழுக்கக் கடலுக்கு முதுகு காட்டி வாழ்ந்தவர்கள். கடற்கொள்ளையர் ஒரு காரணம், மலேரியா இன்னொரு காரணம். "கடல் வழி வருகிறவன் திருட வருகிறான்" என்று அவர்களிடம் ஒரு பழமொழியே உண்டு. 1946-க்கும் 1950-க்கும் இடையில் ராக்கஃபெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு தீவு முழுக்க டிடிடி பூச்சிமருந்து அடித்துத்தான் மலேரியாவை ஒழித்தார்கள். அதுவரை கரையோர நிலம் யாரும் மதிக்காத நிலம். சொத்துப் பிரிக்கும்போது நல்ல உள்நாட்டு வயலை மகன்களுக்கும், உதவாத கரையோரத்தை மகள்களுக்கும் கொடுத்தார்கள் என்றும், ஓட்டல்காரர்கள் வந்தபோது மகள்கள் கோடீஸ்வரிகள் ஆனார்கள் என்றும் கதை சொல்லிச் சிரிப்பார்கள். 2004-ல் கரையிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் புதுக் கட்டடத்துக்குத் தடை போட்டார்கள். ஆகவே கரையில் கடை இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். தண்ணீரும் சாப்பாடும் கையில் வேண்டும், செப்டம்பர் கடைசியில் இருக்கிற கடையையும் மூடிவிடுவார்கள்.

சில கரைகளில் பழுப்பு நிறத்தில் முழங்கால் உயரக் குவியல் கிடக்கும். குப்பை என்று முகம் சுளித்துத் திரும்பிவிடாதீர்கள். அது பொசிடோனியா. பாசி அல்ல, பூத்துக் காய்க்கும் கடற்புல். காய்ந்த இலை பழைய கேசட் டேப் மாதிரி இருக்கும், நார் உருண்டு உருண்டு தென்னை நார்ப் பந்து போலக் கரை ஒதுங்கும். குழந்தைகள் அரை நாள் அதை வைத்தே விளையாடுவார்கள். குளிர்காலப் புயலில் மணல் அடித்துப் போகாமல் காப்பது அந்தக் குவியல்தான். கடலடியில் புல் இருப்பதால்தான் தண்ணீர் அவ்வளவு தெளிவு.

மனிதர்கள் கை வைத்தால் என்ன ஆகும் என்பதற்குக் காலியாரியின் சொந்தக் கரையான போயெத்தோ சாட்சி. நகரப் பேருந்தில் போகலாம், 8 கிலோமீட்டர் நீளம். அரிப்பைச் சரிசெய்கிறோம் என்று 2002-ல் கடலடியிலிருந்து மணலை உறிஞ்சிக் கொட்டினார்கள். மாவு போலிருந்த வெள்ளை மணல் மேல் சாம்பல் நிறப் பருமணல் படிந்தது. வழக்கு நடந்தது. ஊர்ப் பெரியவர்கள் இன்னும் அதைப் பேசும்போது செத்தவரைப் பற்றிப் பேசுகிற குரலில்தான் பேசுவார்கள். எனக்கு இப்போதுள்ள போயெத்தோவே போதுமானதாக இருந்தது, ஆனால் நான் பழையதைப் பார்த்தவன் இல்லை.

ஆக உங்கள் எட்டு நாள்: ஐந்து நாள் காலியாரி அல்லது கியா பக்கம், மூன்று நாள் காலா கொனோனே. முதல் ஐந்து நாளில் மாயெஸ்த்ராலே இல்லாத நாளாகப் பார்த்து ஸினிஸ், மற்ற நாளில் கியாவும் வில்லாசிமியுஸும். வில்லாசிமியுஸில் போர்த்தோ ஜுன்கோ போதும், அங்கே ஒரு பக்கம் கடல், மறு பக்கம் பூநாரை ஏரி, நடுவில் மணல் பட்டை. செப்டம்பரில் கடல் 24 டிகிரி வாக்கில் இருக்கும், ஆகஸ்ட் கூட்டம் வடிந்திருக்கும். படகுப் பயணத்தை முதல் நாளிலேயே பதிவு செய்யாதீர்கள். மூன்று நாளில் எது அமைதியோ அதற்கு மாற்றிக்கொள்ள வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

கடைசியாகக் குழந்தைகளின் பைகளையும் கால்சட்டைப் பாக்கெட்டையும் விமான நிலையம் போகுமுன் கொட்டிப் பாருங்கள். மணல், கூழாங்கல், சிப்பி எதையும் தீவிலிருந்து எடுத்துப்போகக் கூடாது, 2017 சட்டப்படி 500 முதல் 3,000 யூரோ வரை அபராதம். 2019-ல் பிரெஞ்சுத் தம்பதி ஒன்று போர்த்தோ தோரஸ் துறைமுகத்தில் 14 பாட்டில்களில் 40 கிலோ மணலோடு பிடிபட்டது. கியா மணல். நினைவுப் பரிசாக எடுத்தோம் என்றார்களாம். எங்கள் வீட்டுச் சலவை இயந்திரத்தின் வடிகட்டியிலிருந்து இஸ் அருத்தாஸ் குருணை ஏழெட்டு மணி, ஊர் திரும்பி ஒரு வருஷம் கழித்து, தானாக வந்து விழுந்தது. அதை எந்த அலுவலரிடமும் நான் சொல்லவில்லை.